நீலக் கம்பளத்தில் முளைத்த நாடு

2011ஆம் ஆண்டு மார்ச் மாதம் மூன்றாம் திகதி, வியாழக்கிழமை, பிற்பகல் தேநீர் இடைவேளையின்போது, சுவிஸில் சோலோதுர்ன் நகருக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் கருத்தரங்கு விடுதியின் இரண்டாம் மாடி அறையில், நீலக் கம்பளத்தின் நடுவே ஒரு நாடு முளைத்தது. நீளம் நாலு முழம், அகலம் ஒன்றரை முழம். அதோடு ஒட்டாமல், யன்னலுக்குக் கீழே சூடேற்றியின் பக்கத்தில், தனியாக இன்னொரு கீற்று. அது ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட, அகலம் அரைச் சாண். அந்தக் கிழமை கடையில் உருளைக்கிழங்கு கிலோ இரண்டு பிராங் நாற்பது சதம், வெளியே வெப்பநிலை ஐந்து பாகை, ஆரே ஆற்றில் தண்ணீர் வழக்கமான மட்டம். முதலில் கண்டது, குடித்த கோப்பைகளை எடுக்கப் போன விடுதித் துப்புரவுக்காரி ஜெயமலர். தட்டை மேசையில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். வெள்ளைக் கல் குன்றுகள், பயறு முளைத்த உயரத்தில் ஒலிவ மரங்கள், ஊசியால் கீறிவிட்ட மாதிரித் தெருக்கள். ஆட்கள் ஒருவரும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் கொடிக்கயிறுகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது, ஆகவே உள்ளே சனம் இருக்கிறது என்று அவள் முடிவுகட்டினாள். சுற்றிவர நகத்தளவுக் கொடிகள் நூற்றுக்கு மேல் குத்திக்கொண்டு நின்றன. அவை அந்த நாட்டை நாடென்று ஏற்றுக்கொண்ட நாடுகளின் கொடிகள் என்பதைப் பிறகு அவளுக்கு மற்றவர்கள் சொன்னார்கள்.

விடுதிக்காரர் சுவிஸ்காரர், அதனால் கத்தவில்லை, கடிதம் எழுதினார். காப்புறுதிக்காரர் வந்து படம் பிடித்துப் போனார். மாநில அலுவலகத்திலிருந்து வந்தவர் நாடாவைப் போட்டு அளந்து, இந்த அளவுக்குக் கட்டட அனுமதி தேவையில்லை என்றார். விடியப்புறத்தில் உள்ளேயிருந்து ஒரு சேவல் கூவுவதாக முறைப்பாடு வந்தபோது கால்நடைக்குப் பொறுப்பானவர் வந்து காது கொடுத்துக் கேட்டு, கண்ணுக்குத் தெரியாத கோழிக்குச் சட்டம் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். பதினொரு கிழமை கழித்து ஒரு தாள் வந்தது. அந்த நிலம் "தற்காலிகமாக அனுமதிக்கப்பட்டது" என்று அதில் இருந்தது. அதை வாசித்துக் காட்டியபோது ஜெயமலருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தற்காலிகமாக அனுமதிக்கப்பட்டவர் என்று எழுதிய எஃப் அட்டையோடு அவளும் புருசன் சண்முகலிங்கமும் இந்த மண்ணில் ஒன்பது வருசம் இருந்திருக்கிறார்கள். தற்காலிகம் எவ்வளவு நீளம் என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

நிலம் ஏன் அந்த அறையில் முளைத்தது என்பதில் புதிர் ஒன்றும் இல்லை. பேர்னில் இருந்த ஒரு சின்ன அறக்கட்டளை, வருசத்துக்கு இரண்டு தடவை, இஸ்ரேல் பக்கத்தில் ஒருவரையும் பலஸ்தீனப் பக்கத்தில் ஒருவரையும் கூப்பிட்டு அங்கே மூன்று நாள் கதைக்க வைத்தது. எந்த அரசாங்கமும் அவர்களை அனுப்பவில்லை. ஆனால் அவர்கள் என்ன கதைத்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள இரண்டு பக்கமும் ஆள் வைத்திருந்தது. இஸ்ரேல்காரர் பெயர் கிடியோன், படையிலிருந்து ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி, தாய் ஜெர்மனியிலிருந்து தப்பிப் போனவள். பலஸ்தீனர் பெயர் சுஹைல், நில அளவையாளர், ஜெர்மனியில் படித்தவர். தமக்குள் ஆங்கிலம் கதைத்தார்கள். கோப்பை எடுக்க வரும் ஜெயமலரோடு இருவரும் ஜெர்மன் கதைத்தார்கள், அவளுடைய ஜெர்மனைவிட நல்ல ஜெர்மன். நடுவில் உட்கார்ந்த மோசர் என்ற பழைய இராஜதந்திரி ஒன்றும் கதைக்காமல் எல்லாவற்றையும் எழுதினார். அவர் எழுதியது சரியென்று அறக்கட்டளை எழுதியது, வேலிக்கு ஓணான் சாட்சி என்பதுபோல.

விசயம் ஒன்றே ஒன்றுதான், அதைப் பன்னிரண்டு வருசம் கதைத்தார்கள். அந்த நிலம் தனி நாடானால் கிடியோனின் சனம் நிம்மதியாகப் படுக்க முடியுமா? கிடியோன் மூட்டுவலியோடு முழங்காலில் குந்தி, குன்றுகளின் மேற்கு ஓரத்தில் பெருவிரலை வைத்துச் சின்னவிரலை நீலக் கம்பளத்தில் ஊன்றிக் காட்டுவார். ஒரு சாண். மலையிலிருந்து கடலுக்கு அவ்வளவுதான் தூரம், அந்த ஒரு சாணுக்குள் எங்கள் பாதிச் சனம் இருக்கிறது, என் மகள் இருக்கிறாள், விமான நிலையம் இருக்கிறது, இந்த மேட்டில் ஒருவன் தோளில் ஒரு ஏவுகணைக் குழாயை வைத்துக்கொண்டு நின்றால் போதும் என்பார். அதனால் மேடு எங்களிடம் இருக்கவேண்டும், ஆற்றுப் பள்ளத்தாக்கு எங்களிடம் இருக்கவேண்டும், வானமும் எங்களிடம் இருக்கவேண்டும். சுஹைல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்பார். ஒரு தடவை அவர் கோப்பையை நீட்டியபடி ஜெயமலரிடம் சொன்னார், "கூரை அவர்களுக்கு, கிணறு அவர்களுக்கு, வாசல் படலையும் அவர்களுக்கு. வீட்டை மட்டும் நீ வைத்துக்கொள் என்கிறார்கள்." அவள் கோப்பையை வாங்கிக்கொண்டு போனாள். வேலை நேரத்தில் விருந்தாளிகளோடு அரசியல் கதைக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது.

கிடியோனின் பயத்தைப் பொய் என்று சொல்ல அவளால் முடியவில்லை. கடுகளவு கற்கள் சிலவேளை அந்த நிலத்திலிருந்து பறந்து வந்து அவருடைய கணுக்காலில் பட்டு இரத்தம் வந்ததை அவள் கண்டிருக்கிறாள், பஞ்சும் அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். 2014ஆம் ஆண்டு கோடையில் யன்னலோரக் கீற்றிலிருந்து பொறி பறந்து திரைச்சீலையில் ஏழு ஓட்டை விழுந்தது. அதே கோடையில் அந்தக் கீற்றின் தெருக்கள் பல, மேலிருந்து ஒரு கால் மிதித்ததுபோல் தட்டையாகிக் கிடந்தன. அறைக்குள் அப்படி ஒருவரும் மிதிக்கவில்லை என்பதற்கு மோசரின் குறிப்பு இருக்கிறது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள், கிடியோனின் சனம் சூடு கண்ட பூனை என்று ஜெயமலர் சொன்னாள். சண்முகலிங்கம் அதைக் கேட்டுவிட்டு, பூனை இப்ப அடுப்பையே தூக்கிக்கொண்டு போகுது என்றார்.

நிலம் தேய்ந்தது. ஒவ்வொரு சந்திப்புக்கும் பிறகு ஜெயமலர் தன் முழங்கையை வைத்து அளந்து பார்ப்பாள். குன்றுகளுக்கு நடுவில் நீலக் கம்பளம் பொட்டுப் பொட்டாக மேலே வந்தது. முதலில் பொட்டு, பிறகு பொட்டுக்கும் பொட்டுக்கும் நடுவே நூல் மாதிரி ஒரு நீலக் கோடு, பிறகு அந்தக் கோட்டுக்கு இருபுறமும் இன்னும் நீலம். மூன்றேமுக்கால் முழம், மூன்றரை, மூன்று. கொரோனாவில் விடுதி பூட்டிக் கிடந்த வருசம் ஒருவரும் கதைக்கவும் இல்லை, சண்டை பிடிக்கவும் இல்லை, அப்படியிருந்தும் அது நாலு விரற்கடை குறைந்தது. வெள்ளம் தலைக்கு மேல போனா சாண் என்ன முழம் என்ன, நீ ஏன் அளந்துகொண்டு நிக்கிறாய் என்று சண்முகலிங்கம் கேட்டார். அந்த நிலம் சாகாமல் இருக்கவேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள், அவ்வளவுதான். அவளுக்கு வேறு எதிலும் அப்படி ஆசை இருந்ததில்லை, மகள் சரணியாவின் படிப்பைத் தவிர.

ஏனென்றால் அவளுடைய ஊர் பலாலி விமானத் தளத்தை ஒட்டியிருந்தது. 1990ஆம் ஆண்டு ஆனி மாதம் அரசாங்கத்தின் ஆமி வர, சனம் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டது. மூன்றாம் நாள், தொழுவத்தில் கட்டியிருந்த இரண்டு மாட்டை அவிழ்த்துவிட்டு வாறன் என்று அவளுடைய அண்ணை சைக்கிளில் திரும்பிப் போனார். அவர்கள் ஒதுங்கியிருந்த பள்ளிக்கூட விறாந்தை ஒரே குப்பை. அண்ணையின் சைக்கிள் ஒழுங்கை வளைவைத் தாண்ட முந்தியே இருபத்தொரு வயது ஜெயமலர் தும்புத்தடியை எடுத்துக் கூட்டத் தொடங்கினாள். பயணம் போனவர் போய்ச் சேருமுன் வீடு கூட்டக்கூடாது. பிணம் போன வீட்டைத்தான் உடனே கூட்டிக் கழுவுவது. அது அவளுக்குத் தெரியும், அன்றைக்கு மறந்துபோனாள். அண்ணை திரும்பி வரவில்லை. ஊரை உயர் பாதுகாப்பு வலயம் என்று கம்பி அடித்தார்கள். யுத்தம் முடிந்து பல வருசத்துக்குப் பிறகு கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு நகர்த்தியபோது, அவர்களுடைய காணியில் கால்வாசி வெளியே வந்தது. வீடும் கிணறும் இன்னும் உள்ளே.

ஆகவே சோலோதுர்னில் அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். சந்திப்பு முடிந்து கிடியோனும் சுஹைலும் டாக்சி ஏறும்போது வாசலில் நின்று "போட்டு வாங்கோ" என்பாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று இரண்டாம் வருசமே கேட்டுத் தெரிந்துகொண்டு, இருவரும் ஒரே குரலில் "வாறம்" என்பார்கள். அவர்கள் இருவரும் பன்னிரண்டு வருசத்தில் ஒத்துப்போன ஒரே சொல் அதுதான் என்று மோசர் பகிடி விடுவார். வீடு போய்ச் சேர்ந்ததும் இருவரும் அவளுடைய கைபேசிக்கு ஒரு வரி போடவேண்டும். அதுவரை அவள் அந்த அறையைக் கூட்டமாட்டாள், ஸ்டவுப்சவுகர் என்று அங்குள்ள தமிழ்ச்சனம் சொல்லும் தூசி உறிஞ்சியையும் உள்ளே கொண்டுபோகமாட்டாள். கிடியோனின் வரி ஏழெட்டு மணித்தியாலத்தில் வந்துவிடும். சுஹைல் அம்மானுக்குப் பறந்து, அங்கிருந்து எல்லைப் பாலத்தில் வரிசையில் நின்று, சோதனை, மறுபடி சோதனை எல்லாம் தாண்டி வீடு சேர இரண்டு நாள் ஆகும். ஒரே சாணுக்குள் இருக்கும் இரண்டு வீடுகளுக்கு இவ்வளவு வித்தியாசம். பழைய மேற்பார்வையாளர் நல்ல மனிதர், அந்த இரண்டு நாளும் அறையைப் பூட்டி வைக்க விட்டார்.

2017ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒருநாள் கிடியோன் வேளைக்கே அறைக்கு வந்து, குந்தியபடி தன் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயமலர் பல்துலக்கும் பிரஷ்ஷால் எல்லையோரத் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். நீ எந்த ஊர், ஏன் வந்தாய் என்று அவர் கேட்டார். ஒப்பந்தத்தை மறந்து அவள் சொன்னாள்.

"எங்கட வீடு விமானத் தளத்துக்குக் கிட்ட. எங்கட கூரையில ஏறி நிண்டா பிளேனைச் சுடலாம் எண்டு சொல்லித்தான் ஆமி ஊரை எடுத்தது."

"சுடலாமா?" என்று கேட்டார் கிடியோன். அது அவருடைய தொழில், அவர் வேறு எதைக் கேட்பார்?

அவள் யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு விருப்பமில்லை. "ஓம். சுடலாம்தான்."

"யாராவது சுட்டார்களா?"

"சுட்டவை. ரெண்டு பிளேன். ஆனா அது ஊரை எடுத்து அஞ்சு வருசத்துக்குப் பிறகு."

கிடியோன் எழும்ப முயன்றார், முழங்கால் விடவில்லை. அவள் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். அதற்குப் பிறகு வந்த சந்திப்புகளில் அவர் சாணை அளப்பதைக் குறைத்துக்கொண்டார் என்று மோசரின் குறிப்பில் இருக்கிறது. காரணம் எழுதப்படவில்லை.

2023ஆம் ஆண்டு புரட்டாதியில் இருபத்துநான்காம் சந்திப்பு நடந்தது. இருவரும் கிழவர்களாகிவிட்டார்கள். அந்த மூன்று நாளில், இத்தனை வருசக் கதையும் ஒரே தாளுக்குள் வந்தது. நாடு இருக்கும், படை இருக்காது. மேட்டில் இவர்களும் நிற்கமாட்டார்கள் அவர்களும் நிற்கமாட்டார்கள், பதினைந்து வருசம் மூன்றாம் ஆட்கள் நிற்பார்கள். பதினாறாம் வருசம் யார் என்ற ஒரு வரி மட்டும் வெறுமையாக விடப்பட்டது, அதைக் கார்த்திகையில் வந்து நிரப்புவதாகச் சொல்லி இருவரும் அடியில் பெயரெழுத்து வைத்தார்கள். யாரையும் கட்டுப்படுத்தாத தாள்தான். ஆனாலும் வியாழக்கிழமை காலை ஜெயமலர் அளந்தபோது நிலம் ஒரு விரற்கடை கூடியிருந்தது. முளைத்த நாளிலிருந்து முதல் தடவை. இரண்டு தடவை அளந்தாள். ஒலிவ மரங்களில் பொடிப்பொடியாகக் காய் பிடித்திருந்தது. அவள் கோப்பைகளை எடுக்காமல் சமையலறைக்கு ஓடிப்போய், கழுவிக்கொண்டிருந்த போர்த்துக்கீசப் பெண்ணைக் கட்டிப்பிடித்தாள், அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அந்த மாதம்தான் பழையவர் ஓய்வுபெற்று, கெர்பர் என்ற பெண் மேற்பார்வைக்கு வந்திருந்தாள். கெட்டவள் என்று சொல்லமுடியாது. அவளிடம் ஒரு நேர அட்டவணை இருந்தது. பிற்பகல் இரண்டு மணிக்குப் பாசலிலிருந்து ஒரு கொம்பனிக் குழு அதே அறைக்கு வருகிறது, இப்போது பன்னிரண்டரை, டாக்சி இன்னும் மலை வளைவில் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஜெயமலர் நாளைமறுநாள் வரை பொறுக்கச் சொன்னாள். கெர்பர் கடிகாரத்தைப் பார்த்தாள். இது என்ன நம்பிக்கையென்றாலும் வீட்டில் வைத்துக்கொள், ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை உன் கோப்பில் இருக்கிறது, மூன்றாவது என்றால் வேலை போகும், அட்டவணைக்கு நான் பொறுப்பு என்றாள். ஐம்பத்துநாலு வயதில் இன்னொரு வேலை கிடைக்காது. கெர்பர் கதவடியில் கைகட்டி நிற்க, ஜெயமலர் மின்செருகியைச் செருகினாள். நிலத்தின் ஓரத்தைத் தொடாமல், சுற்றிவரத்தான் உறிஞ்சினாள். யன்னலால் பார்க்க டாக்சியின் பின்விளக்கு தெரிந்தது.

கிடியோன் அன்றிரவே போய்ச் சேர்ந்தார். சுஹைல் சனிக்கிழமை பின்னேரம் போய்ச் சேர்ந்தார். இரண்டு வரியும் வந்ததைக் கண்டு ஜெயமலர் விளக்குக் கொளுத்திக் கும்பிட்டாள். அடுத்த சனிக்கிழமை விடிய, தெற்கே காசா எல்லையை உடைத்துக்கொண்டு ஆயுதக்காரர் இஸ்ரேலுக்குள் போனார்கள். அன்று கொல்லப்பட்டவர்களில் கிடியோனின் மகளின் மகனும் ஒருவன், இருபத்திரண்டு வயது. அதற்குப் பிறகு காசாவில் குண்டு விழத் தொடங்கியது. மார்கழியில், காசாவுக்கு மணம் முடித்துப் போயிருந்த சுஹைலின் தங்கையும், அவளோடு ஒரே வீட்டில் ஒதுங்கியிருந்த பதினாறு பேரும் இடிபாட்டுக்குள் போனார்கள். ஜெயமலர் சரணியாவிடம் ஜெர்மனில் எழுதித்தரச் சொல்லி இருவருக்கும் ஒரே கடிதம் அனுப்பினாள். இருவரும் நன்றி என்று ஒரே சொல் எழுதினார்கள். கார்த்திகைச் சந்திப்பு ஒத்திவைக்கப்பட்டது, பிறகு அறக்கட்டளையே பூட்டப்பட்டது.

அவள் சாப்பாட்டை விட்டாள். சண்முகலிங்கம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கதைத்தார். "எத்தினை அரசாங்கம், எத்தினை ஆயுதம், எழுபத்தஞ்சு வருசப் பகை. உன்ர ஸ்டவுப்சவுகராலயோ சண்டை வந்தது? ரெண்டு பேரும் சுகமா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தவைதானே."

"வீட்டுக்குத்தான் சேர்ந்தவை," என்றாள் ஜெயமலர். "அந்தத் தாள் போய்ச் சேரேல்ல."

சண்முகலிங்கம் சோற்றை மூடிவைத்துவிட்டுப் போனார்.

யன்னலோரக் கீற்று எரிந்தது. ஒரு நாளல்ல, மாதக்கணக்கில். கூட்ட அறையின் புகை மணி அடித்து மூன்று தடவை தீயணைப்பு வண்டி மலையேறி வந்தது, கையகலத் துண்டில் எரிவதை அணைக்க அவர்களிடம் சட்டவிதி இருக்கவில்லை. நான்காம் தடவைக்கு முன் விடுதி நிர்வாகம் அந்தப் புகை மணியைக் கழற்றிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு தொந்தரவும் இல்லை, கூட்டங்கள் வழமைபோல் நடந்தன. ஒவ்வொரு காலையும் யன்னல் விளிம்பில் சாம்பல் படிந்திருக்கும். அதைத் துடைத்துக் குப்பையில் போட ஜெயமலரின் கை எழவில்லை. தாளில் தட்டிச் சேர்த்து, கிழமைக்கு ஒருதடவை, சனிக்கிழமைகளில், அங்கே செத்துப்போகும் தமிழ்ச்சனத்தின் அஸ்தியைக் கரைக்கும் அதே இடத்தில் ஆரே ஆற்றில் கரைத்தாள். பெரிய நிலமும் சும்மா இருக்கவில்லை. அதற்குள் நீலம் ஓடி ஓடி, முழம் முழமாகக் கழன்று, உளுந்து கொட்டியதுபோல் தனித்தனித் துண்டுகளாயிற்று.

2025ஆம் ஆண்டு புரட்டாதியில் ஒரு கிழமைக்குள் சில பெரிய நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்த நாட்டை நாடென்று ஏற்றன. தொலைக்காட்சியில் கைதட்டினார்கள். மறுநாள் காலை ஜெயமலர் ஓடிப்போய்ப் பார்த்தாள். கம்பளத்தில் மழைக்காலக் காளான்போல் புதுக் கொடிகள் முளைத்திருந்தன, அழகான நிறங்கள், ஒவ்வொன்றும் நகத்தளவு. சுவிஸ் கொடி இருக்கவில்லை. முழங்கையை வைத்து அளந்தாள். நிலம் ஒரு நூல்கூடக் கூடவில்லை. கொடிகள் நின்ற இடம் நிலத்தைவிடப் பெரிதாக இருந்தது. அவள் கம்பளத்திலேயே குந்தி அழுதாள், கெர்பர் கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் மூடினாள்.

கார்த்திகை மாதம் கிடியோனும் சுஹைலும் வந்தார்கள். அறக்கட்டளை இல்லை, மோசர் செத்துப்போய்விட்டார், ஒருவரும் கூப்பிடவில்லை. அந்தக் கம்பளத்தைத் திங்கட்கிழமை மாற்றப் போகிறார்கள் என்று ஜெயமலர்தான் இருவருக்கும் எழுதியிருந்தாள். கெர்பர் ஒன்றும் கேட்காமல் அறைத் திறப்பைக் கொடுத்தாள். இருவரும் எதிரெதிரே கதிரையில் உட்கார்ந்து, கீழே துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெயமலர் தேத்தண்ணி வைத்தாள், போகவில்லை. அவர்களும் போகச் சொல்லவில்லை. அன்று ஜெர்மனில் கதைத்தார்கள்.

"நாட்டைக் கொடுத்தால் வந்து கொல்வார்கள் என்று பயந்தோம்," என்றார் கிடியோன். "கொடுக்கவில்லை. வந்து கொன்றார்கள். இப்போது என் சனத்திடம் போய் நாடு என்ற சொல்லை எடுத்தால் என் மகளே எழும்பிப் போகிறாள்."

சுஹைல் தேத்தண்ணியைக் கையில் எடுத்து, குடிக்காமல் வைத்தார். "நாளைக்கே நாடு வந்தாலும், அந்த மேட்டில் ஒருவனும் ஏறமாட்டான் என்று உனக்குச் சத்தியம் செய்ய என்னால் முடியாது. முன்பு செய்திருப்பேன்."

"தெரியும்."

"உன் பயம் போகும்வரை நான் காத்திருக்கவேண்டும்."

"அது போகாது," என்றார் கிடியோன். சண்டைக்குச் சொல்லவில்லை, மழை வரும் என்று சொல்வதுபோல் சொன்னார்.

"தெரியும்," என்றார் சுஹைல்.

சுஹைல் சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசையில் விரித்தார். வெறுமையாக விட்ட வரி வெறுமையாகவே இருந்தது. இருவரிடமும் பேனா இருந்தது. ஒருவரும் எழுதவில்லை. பிறகு சுஹைல் தாளை மடித்துத் திரும்பப் பையில் வைத்தார். வாசலில் ஜெயமலர் வழமைபோல் "போட்டு வாங்கோ" என்றாள். கிடியோன் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுஹைல் தொப்பியைச் சரிசெய்தார். இருவரும் "வாறம்" என்று சொல்லாமல் டாக்சியில் ஏறினார்கள்.

இந்தத் தடவை அவள் கூட்டவில்லை. அறையைப் பூட்டித் திறப்பைத் தன் பையில் போட்டுக்கொண்டு, சுஹைலின் வரி வந்த பிறகுதான் திறப்பேன், மூன்றாவது எச்சரிக்கையை எழுதுங்கோ என்று கெர்பரிடம் போய்ச் சொன்னாள். கெர்பர் அவளைப் பார்த்தாள். பிறகு அட்டவணையைப் பார்த்தாள். திங்கட்கிழமை கம்பளக்காரர் வரும்வரை அறை காலியாகத்தான் இருக்கிறது, அதற்கு மேல் என்னால் ஆகாது என்றாள். கிடியோனின் வரி அன்றிரவு வந்தது. வந்து சேர்ந்தேன், மனைவி கேட்டதால் கதவுக்கு மூன்றாவது பூட்டுப் போட்டிருக்கிறேன் என்று இருந்தது. சனி போனது, ஞாயிறு போனது. சுஹைலிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

திங்கட்கிழமை ஏழு மணிக்குக் கம்பளக்காரர் இருவர், சாம்பல்நிறச் சுருளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஜெயமலர் திறப்பைக் கொடுத்தாள், வேறு வழியில்லை. கொடுத்துவிட்டு நிலத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள், காலடியில் நிற்கும் பிள்ளையை மறைக்கிற மாதிரி. மூத்தவர் கொசோவோக்காரர். குனிந்து துண்டுகளைப் பார்த்தார், கொடிகளைப் பார்த்தார், யன்னலோரச் சாம்பலைப் பார்த்தார். கொடிக்கயிற்றில் இன்னும் துணி காய்வதையும் பார்த்திருக்கவேண்டும். இதில் சனம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கினம் என்றாள். அவர் கத்தியை எடுத்து, தூணைச் சுற்றி வெட்டுவதுபோல, புதுக் கம்பளத்தில் ஓரிடத்தில் பெரிய வட்டமும் யன்னலடியில் சின்ன வட்டமும் வெட்டி, பழைய நீலத்தை அந்த அளவுக்கு விட்டு, ஓரத்துக்குப் பசை பூசினார். பதினொரு மணிக்கு வேலை முடிந்தது. வேலைத்தாளில் "இரண்டு தடைகள், சுற்றி வெட்டப்பட்டது" என்று எழுதினார். கெர்பர் கையெழுத்திட்டாள்.

சுஹைலின் வரி பன்னிரண்டாம் நாள் வந்தது. உயிரோடு இருக்கிறேன், ஊருக்குப் போகும் பாதையில் புதிதாக ஒரு இரும்புப் படலை போட்டுப் பூட்டியிருக்கிறார்கள், நாப்லுஸில் அண்ணன் வீட்டில் நிற்கிறேன் என்று எழுதியிருந்தார். ஜெயமலர் மூன்று தடவை வாசித்தாள். வந்து சேர்ந்தேன் என்ற சொல் அதில் இல்லை. சரணியாவிடம் காட்டினாள், அவளுக்கும் தென்படவில்லை. ஆகவே அந்த இரண்டு வட்டங்களையும் அவள் கூட்டவில்லை. பிறகும் வரிகள் வந்தன. அண்ணன் வீட்டிலிருந்து, மருத்துவமனையிலிருந்து, மறுபடி அண்ணன் வீட்டிலிருந்து. அந்தச் சொல் மட்டும் வரவில்லை. கெர்பர் ஒருநாள் துப்புரவு அட்டவணையில் புதிதாக ஒரு வரி சேர்த்தாள், இரண்டாம் மாடி, கூட்ட அறை, இரண்டு வட்டம், சுத்தம் செய்யவேண்டாம் என்று. காரணம் என்ற கட்டத்தில் "வழமை" என்று போட்டாள்.

இப்போது பெரிய துண்டு ஒரு சாண். கருத்தரங்குக்கு வருகிறவர்கள் கோப்பையோடு அதைச் சுற்றி நடக்கிறார்கள், கால் பார்த்து வையுங்கள் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறார்கள். விடியப்புறத்தில் சேவல் கூவுகிறது, முந்திய சத்தம் இல்லை. ஜெயமலருக்கு முதுகு இயலாமல் வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாள், மற்றப் பாதிக்குச் செலாம் என்ற எரித்திரியப் பெண் வந்திருக்கிறாள். முதல் நாள் ஜெயமலர் அவளுக்கு வாளி இருக்கும் இடம், துணி இருக்கும் இடம் எல்லாம் காட்டிவிட்டு, மேலே கூட்டிக்கொண்டு போய், ஒராள் இன்னும் வீடு போய்ச் சேரேல்ல, அதுவரைக்கும் இந்த ரெண்டு இடத்தையும் கூட்டவேண்டாம் என்றாள். யார் அந்த ஆள், எவ்வளவு காலம் என்று செலாம் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, ஸ்டவுப்சவுகரின் செருகியைச் செருகி, வட்டங்களை விட்டு மற்ற இடத்தை உறிஞ்சத் தொடங்கினாள்.